சிறு கொதிகலன் செய்யும் முறை

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலை ரயிலைக் காணாதவர்கள் கோவை வட்டாரத்தில் சிலரே இருப்பார்கள். அந்தப் பாதை 1899-இல் குன்னூர் வரை திறக்கப்பட்டது. 1908-இல் உதகை வரை நீண்டது. மிகச் செங்குத்தான இடங்களில் 12 அடி முன்னேறினால் ஓர் அடி உயர வேண்டும். வழுக்கும் தண்டவாளத்தில் இந்த ஏற்றம் இயலாது. ஆகையால் நடுவே பற்சட்டம் பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும்படி அமைத்தார்கள். இந்தப் பாதைக்குரிய 'எக்ஸ்' வகை எஞ்சின்களை முதலில் செய்து தந்தது சுவிட்சர்லாந்து நாட்டு விண்டர்தூர் நகரத்துத் தொழிற்சாலை. 2010-களில் திருச்சிராப்பள்ளி பொன்மலைப் பணிமனையே அவ்வகை எஞ்சின்களைப் புதிதாகச் செய்து மலைக்கு அனுப்பியது. நீராவியின் காலம் முடிந்துவிட்டது என்று உலகம் சொல்லிக்கொண்டிருக்கையில், நம் நாட்டுத் தொழிலாளர் கைகள் நீராவி எஞ்சினைப் புதிதாகச் சமைத்தன.

அந்த எஞ்சினைப் பார்த்துவிட்டு வரும் இளைஞர்களில் சிலருக்கு, அதுபோல ஒன்றைச் சிறிய அளவில் நாமே செய்தால் என்ன என்ற ஆசை எழுகிறது. ஆசைக்கு ஏற்ற ஊர்தான் இது. பம்பு செட்டும் மோட்டாரும் செய்து பழகிய ஊர். லேத் பட்டறைகளுக்கும் வார்ப்படச் சாலைகளுக்கும் இங்கே குறைவில்லை. கட்டைவிரல் பருமனில் ஒரு சிலிண்டரைக் கடைந்து, அதற்குள் பிஸ்டனைப் பொருத்தி, கைப்பிடி அளவில் ஒரு சுழல்சக்கரத்தை மாட்டிவிடுவது தேர்ந்த கடைசல்காரருக்கு இரண்டு மூன்று நாள் வேலை. ஆனால் அந்த எஞ்சினுக்கு உயிர் கொடுக்கும் கொதிகலன் வேறு வகையைச் சேர்ந்தது. எஞ்சினில் பிழை செய்தால் எஞ்சின் ஓடாது, அவ்வளவுதான். கொதிகலனில் பிழை செய்தால் அது வெடிக்கும். இந்த வேற்றுமையை மனத்தில் இருத்திக்கொண்டு, மாதிரி நீராவி எஞ்சினுக்கு ஏற்ற ஒரு சிறு கொதிகலனைச் செய்யும் விதத்தை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில், அடைபட்ட நீராவியின் இயல்பைப் பார்ப்போம். திறந்த பாத்திரத்தில் நீர் ஏறக்குறைய 100 டிகிரியில் கொதிக்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது 1,670 கன சென்டிமீட்டர் அளவுக்கு விரிகிறது. அப்படி விரிய விடாமல் மூடிவைத்தால் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏற ஏற நீர் கொதிக்கும் வெப்பநிலையும் ஏறும். நம் வீட்டு பிரஷர் குக்கரில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம். அதற்குள் இருக்கும் நீரின் வெப்பநிலை 120 டிகிரி. பருப்பு விரைவில் வேகும் காரணம் இதுவே. நாம் செய்யப்போகும் கொதிகலனின் வேலை அழுத்தம் 3 கிலோ. அந்த அழுத்தத்தில் நீர் 143 டிகிரி வரை சூடேறிய பின்னும் நீராகவே நிற்கும்.

ஆபத்தின் வேர் அந்தச் சூடேறிய நீரில் இருக்கிறது. மேலே நிற்கும் ஆவியின் அளவு சொற்பம். கலம் கிழிந்து அழுத்தம் சட்டென்று நீங்கினால், 143 டிகிரி நீர் ஒரு கணமும் அப்படியே இருக்க இயலாது. மிகுதியாக உள்ள 43 டிகிரி வெப்பத்தைக் கொண்டு அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு உடனே ஆவியாகிவிடும். நம் கலத்தில் 600 கிராம் நீர் இருந்தால் 50 கிராம் ஆவியாகும். அது 80 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். கையில் தூக்கக்கூடிய ஒரு செம்புக் குழாயிலிருந்து, கண் இமைக்கும் நேரத்தில் 80 லிட்டர் ஆவியும் கொதிநீரும் தகட்டுத் துண்டுகளும் பாய்ந்தால் என்ன ஆகும் என்பதை நேயர்களே எண்ணிப் பாருங்கள். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்ற பழமொழி கொதிகலனுக்கு நன்றாகவே பொருந்தும்.

பெரிய கொதிகலன்களுக்குச் சட்டத்தின் காவல் உண்டு. 1863-இல் கல்கத்தாவில் ஒரு கொதிகலன் வெடித்துப் பல உயிர்கள் மாண்டன. அதன் விளைவாக, அடுத்த ஆண்டே அந்நகரத்துக் கொதிகலன்களைச் சோதிப்பதற்கென வங்காளத்தில் ஒரு சட்டம் பிறந்தது. பின்னர் நாடு முழுமைக்குமாக 1923-இல் இந்தியக் கொதிகலன் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2025-இல் புதிய கொதிகலன் சட்டம் இயற்றப்பட்டது. இவற்றின்படி ஆய்வாளர் வந்து பார்த்துச் சான்று தராமல் கொதிகலனை மூட்டக்கூடாது. ஆனால் 25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவு உடையவை சட்டத்தின் வரையறைக்குள் அடங்கா. நம் கொதிகலன் ஒரு லிட்டரைக் கூட எட்டாது. எனவே அதைச் சோதிக்க எந்த ஆய்வாளரும் வரமாட்டார். செய்பவரே ஆய்வாளராகவும் இருந்தாக வேண்டும். நான் கீழே சொல்லும் முறை முழுவதும் இந்தப் பொறுப்பை அடிப்படையாகக் கொண்டது.

இனி, பொருளும் அளவும். கலத்துக்கு ஏற்ற உலோகம் செம்பு. அது வெப்பத்தை நன்றாகக் கடத்தும், துருவேறாது, வளைத்தால் வளையும். 75 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 1.6 மில்லிமீட்டர் கனமும் உடைய, நீளவாட்டில் மூட்டு இல்லாத செம்புக் குழாயில் 20 சென்டிமீட்டர் நீளம் போதும். படுக்கை வாக்கில் வைத்து, அடியில் தீ மூட்டும் எளிய அமைப்பு இது. உள்ளே தீக்குழாய் செல்லும் கொதிகலன்களும் உண்டு. அக்குழாயை வெளியிலிருந்து அழுத்தம் நசுக்கும் என்பதால் அதற்குக் கணக்கு வேறு; முதல் முயற்சிக்கு அது வேண்டாம்.

இந்தக் கனம் போதுமா என்பதைக் கணக்கிட்டே முடிவு செய்ய வேண்டும். கணக்கு எளிது. அழுத்தத்தை விட்டத்தால் பெருக்கி, கனத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். 3 கிலோவை 7.5 சென்டிமீட்டரால் பெருக்கினால் 22.5, அதை 0.32-ஆல் வகுத்தால் 70. அதாவது, குழாயின் சுவரில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 70 கிலோ இழுவிசையைத் தாங்க வேண்டும். பற்றவைக்கும் சூட்டில் செம்பு முழுதும் மென்மையாகிவிடும். ஆகையால் மென்செம்பின் வலிமையையே கணக்கில் கொள்ள வேண்டும். சூட்டுக்கும் சிறிது இடம் விட்டு அதை 1,750 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் சுமை ஏற்றக் கூடாது என்பது மாதிரி எஞ்சின் செய்பவர்கள் பின்பற்றும் விதி. எட்டில் ஒரு பங்கு ஏறக்குறைய 220 கிலோ. நம் சுவருக்கு வரும் சுமை 70 தான். ஆகவே குழாயைப் பற்றிக் கவலையில்லை.

கவலைப்பட வேண்டியது குழாயின் இரு முனைகளையும் மூடும் தட்டையான தகடுகளைப் பற்றி. உருண்டை வடிவம் அழுத்தத்தைச் சுற்றிலும் பகிர்ந்துகொள்ளும். தட்டை வடிவம் அவ்வாறு செய்யாமல் வெளிப்புறமாகப் பிதுங்கும். முனைத்தகட்டின் பரப்பு 44 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் விழும் மொத்த விசை 132 கிலோ. இரண்டு ஆட்கள் ஒரு சிறு தட்டின்மேல் ஏறி நிற்பதற்கு ஒப்பாகும். இதனால் முனைத்தகடு 2.5 மில்லிமீட்டர் கனமாக இருக்க வேண்டும். அது மட்டும் போதாது. இரு தகடுகளின் நடுவையும் இணைத்து, கலத்தின் உள்ளே நெடுக 6 மில்லிமீட்டர் செம்புக் கம்பி ஒன்றை ஓடவிட வேண்டும். ஒரு தகடு வெளியே பிதுங்க முயன்றால், மறு தகடு கம்பியின் வழியே அதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இதைத் தாங்குகம்பி என்போம். மாதிரிக் கொதிகலன் செய்பவர்கள் தேவையில்லை என்று முதலில் கைவிடுவது இந்தக் கம்பியைத்தான், அதைக் கைவிடலாகாது.

முனைத்தகட்டை வெறும் வட்டமாக வெட்டிக் குழாயின் வாயில் ஒட்டினால் பற்றுவதற்கு இடமிராது. வட்டத்தைச் சற்றுப் பெரிதாக வெட்டி, ஓரத்தை 8 மில்லிமீட்டர் அளவுக்கு மடித்து, மூடியைப்போல ஆக்கிக் குழாய்க்குள் செருக வேண்டும். தேக்கு போன்ற கடின மரத்தில் ஓர் அச்சைக் கடைந்து, தகட்டை அதன்மேல் வைத்து, மரச்சுத்தியலால் ஓரத்தைச் சிறிது சிறிதாகத் தட்டி மடிக்கலாம். தட்டத் தட்டச் செம்பு முறுக்கேறி விறைக்கும். விறைத்த பின்னும் அடித்தால் விரிசல் காணும். ஆகவே ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு தகட்டைச் செந்நிறமாகக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் அது மீண்டும் மென்மையாகும். இரும்பைக் காய்ச்சித் தோய்த்தால் கடினமாகும்; செம்பு அதற்கு நேர்மாறு. திருப்பூரை அடுத்த அனுப்பர்பாளையத்துப் பாத்திரத் தொழிலாளர்களுக்கு இந்தப் பதம் கை வந்த கலை.

கலத்தின் உச்சியில் நான்கு துளைகள் வேண்டும்: நீர் ஊற்ற ஒன்று, ஆவி எஞ்சினுக்குச் செல்ல ஒன்று, அழுத்தமானிக்கு ஒன்று, பாதுகாப்பு வால்வுக்கு ஒன்று. நீர்மட்டக் கண்ணாடிக்காக முனைத்தகட்டில் மேலும் கீழுமாக இரண்டு. மெல்லிய செம்பில் நேரடியாக மரை வெட்டினால் நிற்காது. ஒவ்வொரு துளையிலும் கனமான புஷ் ஒன்றைப் பற்றவைத்து, அதில் மரை வெட்ட வேண்டும். இந்தப் புஷ்களைப் பித்தளையில் கடையக் கூடாது. சூடான நீரில் நாளடைவில் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து போய்விடும். எஞ்சுவது கடற்பஞ்சு போன்ற வலிவற்ற செம்பு. நம் பட்டறைகளில் கன்மெட்டல் என்று வழங்கும் வெண்கலமே தக்கது.

அடுத்தது பற்றவைத்தல். ரேடியோக் கம்பிகளை ஒட்டப் பயன்படும் ஈயப்பற்று இங்கே கூடவே கூடாது. நல்ல ஈயப்பற்று 183 டிகிரியில் உருகிவிடும்; 143 டிகிரியிலேயே அதன் பிடி தளர்ந்திருக்கும். நீர் சிறிது குறைந்து, கலத்தின் ஒரு பக்கம் காய்ந்துவிட்டால் மூட்டு வழிந்தோடும். 600 டிகிரிக்கு மேல் உருகும் வெள்ளிப்பற்றே வேண்டும். பொற்கொல்லர்கள் பொடி வைத்து ஊதும் வேலையைப் போன்றதே இதுவும், அளவுதான் பெரிது. வாங்கும்போது காட்மியம் கலவாத பற்று எனக் கேட்டு வாங்குங்கள். காட்மியத்தின் புகை நஞ்சு. குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்போர் கையாளும் பாஸ்பரஸ் கலந்த பற்றுக்கம்பி மலிவாகக் கிடைக்கும். ஆனால் நிலக்கரிப் புகையில் உள்ள கந்தகம் அதை அரிக்கும் என்பதால் அதுவும் வேண்டாம்.

பற்றின் வெற்றி சுத்தத்திலும் இடைவெளியிலும் இருக்கிறது. மூட்டின் இரு பக்கங்களையும் உப்புத்தாளால் தேய்த்து, புளிக்கரைசலிலோ எலுமிச்சை உப்புக் கரைசலிலோ ஊறவைத்துக் கழுவுங்கள். இடைவெளி ஓர் எழுதுதாளின் கனம் இருந்தால் போதும்; உருகிய பற்று திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அதனுள் தானே ஊர்ந்து செல்லும். வெள்ளிப்பற்றுக்கு உரிய இளக்கியை நீரில் குழைத்துத் தடவுங்கள். உயர் சூட்டில் உருகும் பற்றாயின் வெண்காரமும் உதவும். பற்றுக்கம்பியைச் சுடரில் உருக்கிச் சொட்டவிடுவது பிழை. கலம் முழுவதையும் செங்கல் அடுக்கின் நடுவே வைத்துச் சூடாக்கி, செம்பின் சூட்டிலேயே கம்பி உருகும்படி செய்ய வேண்டும். மூட்டின் மறுபக்கத்திலும் வெள்ளிக்கோடு தெரிந்தால், பற்று உள்ளே ஊடுருவிவிட்டது என்று பொருள்.

கலம் உருவாகிவிட்டது. இப்போது ஆவி விட்டுப் பார்க்கலாமா என்று கை துடிக்கும். பொறுக்க வேண்டும். முதற் சோதனை தீயில்லாமல், குளிர்ந்த நீரால் நடைபெற வேண்டும். கலத்தில் காற்றுக்குமிழ் ஒன்றுகூடத் தங்காதபடி சாய்த்துச் சாய்த்து நீர் நிரப்பி, எல்லாத் துளைகளையும் அடைத்து, குழாய்ப் பணியாளர் பயன்படுத்தும் கைப்பம்பினால் அழுத்தத்தை மெல்ல ஏற்றுங்கள். வேலை அழுத்தத்தின் இரு மடங்கு, அதாவது 6 கிலோ வரை ஏற்றி, 20 நிமிடம் நிறுத்தி வைக்க வேண்டும். அழுத்தமானியின் முள் இறங்கக் கூடாது. மூட்டுகள் வியர்க்கக் கூடாது. முனைத்தகடு பிதுங்கக் கூடாது. தகட்டின்மேல் நேர்விளிம்புள்ள அளவுகோலை வைத்து முன்னும் பின்னும் பார்த்தால் பிதுக்கம் தெரிந்துவிடும்.

நீரால் ஏன் சோதிக்க வேண்டும்? டயர்க் கடையில் காற்றடித்துப் பார்த்தால் எளிதாயிற்றே என்று சிலர் எண்ணுவதுண்டு. அந்த எண்ணம் ஆபத்தானது. நீர் அழுத்தத்துக்கு அநேகமாகச் சுருங்காது. நம் கலத்து நீர் 6 கிலோ அழுத்தத்தில் சுருங்குவது நாலைந்து துளி அளவே. மூட்டு விட்டுப் போனால் அந்த நாலைந்து துளி கசிந்ததும் முள் சுழியத்துக்கு விழுந்துவிடும். பக்கத்தில் நிற்பவரின் சட்டைகூட நனையாது. காற்றோ சுருள்வில் போன்றது. அதே கலத்தில் அதே அழுத்தத்தில் அடைத்த காற்று, விடுபட்டதும் 5 லிட்டருக்கு மேல் விரியும். அந்த விசையோடு தகட்டையும் எறியும். நீர்ச்சோதனையில் குற்றமுள்ள கலம் தன் குற்றத்தை அமைதியாகச் சொல்லிவிடும். காற்றுச் சோதனையில் அது சொல்லும் விதத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது.

சோதனையில் தேறிய கலத்துக்கு உறுப்புகளைப் பூட்டுவோம். முதலாவது பாதுகாப்பு வால்வு. 1679-இல் தெனி பாப்பன் என்ற பிரெஞ்சு அறிஞர், எலும்பையும் வேகவைக்கும் மூடிய கலம் ஒன்றைச் செய்தார். நம் குக்கரின் மூதாதை அது. மிகுந்த ஆவி தானே வெளியேறும் வழியை அதற்கு அமைத்தவரும் அவரே. இன்றும் தத்துவம் மாறவில்லை. ஒரு துளையின்மேல் துருப்பிடிக்காத எஃகுக் குண்டு, அதன்மேல் சுருள்வில். அழுத்தம் 3 கிலோவை அடைந்ததும் குண்டு எழுந்து ஆவிக்கு வழிவிட வேண்டும். வால்வுக்கும் கலத்துக்கும் இடையில் எந்தக் குழாய்த் திருகும் இருக்கக் கூடாது. மறதியாக யாரேனும் மூடிவிட்டால் வால்வு இருந்தும் இல்லாததாகிவிடும். வால்வு திறந்தால் மட்டும் போதாது. உற்பத்தியாகும் ஆவி அனைத்தையும் அது வெளியேற்ற வேண்டும். எஞ்சினுக்குச் செல்லும் வழியை மூடி, தீயை முழு வீச்சில் எரியவிட்டுத் தொலைவில் நின்று பாருங்கள். முள் 3.3 கிலோவைத் தாண்டினால் வால்வின் துளை போதாது. பெரிதாக்கியே தீர வேண்டும்.

இரண்டாவது நீர்மட்டக் கண்ணாடி. இதன் உட்துளை மிகக் குறுகலாக இருந்தால் நீர் தானாகவே மேலேறி நின்று, இல்லாத நீரை இருப்பதாகக் காட்டும். 5 மில்லிமீட்டருக்குக் குறையாத உட்துளை வேண்டும். மூன்றாவது அழுத்தமானி. இதற்குச் செல்லும் குழாயை ஒரு வளையமாக வளைத்துவிட்டால் அதில் குளிர்ந்த நீர் தங்கி, சுடும் ஆவி மானியின் உள்ளுறுப்பைத் தாக்காமல் காக்கும்.

இந்தக் கொதிகலன் என்ன வேலை செய்யும்? 12 மில்லிமீட்டர் துளையும் 12 மில்லிமீட்டர் வீச்சும் உடைய, இருபுறமும் ஆவி தள்ளும் எஞ்சின் நிமிடத்துக்கு 300 சுற்றுச் சுற்றினால், ஏறக்குறைய 800 கன சென்டிமீட்டர் ஆவியைக் குடிக்கும். நீராகச் சொன்னால் இரண்டு கிராமுக்கும் குறைவு. வழியில் குளிர்ந்து வீணாவதையும் கூட்டினால் 3 கிராம். நூறு சதுர சென்டிமீட்டர் சூடேறும் பரப்பு நிமிடத்துக்கு 2 முதல் 3 கிராம் நீரை ஆவியாக்கும். நம் கலத்தின் அடிப்பாதி 235 சதுர சென்டிமீட்டர் இருப்பதால் ஆவிக்குப் பஞ்சமில்லை. முக்கால் கலம் நீருடன் தொடங்கி, பாதிக்கு இறங்கும்வரை அரைமணிக்கு மேல் எஞ்சினை ஓட்டலாம். கண்ணாடியில் நீர் மறைவதற்கு முன்னரே தீயை அணைத்துவிட வேண்டும். காய்ந்த கலத்தில் குளிர்ந்த நீரை ஊற்றுவது எந்த நாளும் கூடாது. ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்புப் படியும். மழைநீரோ வாலைவடி நீரோ ஊற்றினால் கலம் நீண்ட நாள் உழைக்கும். சிறுவர்கள் ஓட்டும்போது பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை வால்வையும் மானியையும் சரிபாருங்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை குளிர்நீர்ச் சோதனையை, இம்முறை ஒன்றரை மடங்கு அழுத்தத்தில், மீண்டும் செய்யுங்கள். ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். தகட்டின் கனம், பற்றின் வகை, சோதித்த நாள், சோதித்த அழுத்தம் ஆகியவற்றை அதில் எழுதுங்கள். செம்புக் கலம் செய்தவரையும் தாண்டி வாழும். ஐம்பது ஆண்டு கழித்து அதை மூட்டுபவர் பேரனாக இருக்கலாம், பழைய சாமான் கடையில் வாங்கிய அயலாராகவும் இருக்கலாம். அவரிடம் பேச அப்போது நாம் இருக்கமாட்டோம். ஆகவே கலத்தில் பொருத்தும் ஒரு சிறு வெண்கலத் தகட்டில் மூன்றே செய்திகளைப் பொறித்துவிடுங்கள்: வேலை அழுத்தம் 3 கிலோ, சோதனை அழுத்தம் 6 கிலோ, சோதித்த ஆண்டு. அந்தத் தகட்டைப் பொருத்திய பிறகு தீ மூட்டுங்கள்.